பெடலுக்குள் இரண்டு சாட்சிகள்

பிள்ளைகளே, பழுது பார்க்கும் தொழிலில் கைவேலை பாதிதான். எது பழுது என்று சரியாகச் சொல்வது மீதிப் பாதி. பொறுமை வேண்டியிருப்பது அந்த மீதிப் பாதிக்குத்தான். கோயம்புத்தூரில் பட்டறையிலேயே தலை நரைத்தவன் நான். இப்போது ஸ்பேனர் பிடிப்பது குறைந்துவிட்டது. கேட்டு வரும் இளம் மெக்கானிக்குகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதே வேலையாகிவிட்டது. அவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டர் பெடலில் இருக்கும் சென்சார் கெட்டுப்போனால் அதை எப்படி உறுதி செய்வது, எப்படி மாற்றுவது என்பதுதான் அது. அதைச் சொல்லும் சாக்கில் வேறு சிலவற்றையும் சொல்ல விரும்புகிறேன். பட்டறைப் பக்கமே வராத பிள்ளைகளும் கேட்கலாம். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு இடம் இருக்கத்தான் செய்யும்.

நான் தொழில் பழகிய நாளில் அம்பாசிடரும் ஃபியட்டும்தான் வண்டிகள். பெடலை மிதித்தால் கம்பியோ கேபிளோ இழுக்கும், கார்புரேட்டர் திறக்கும், எஞ்சின் ரேஸ் ஆகும். காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்ததையெல்லாம் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். கேபிள் பிரிந்தால் தெரியும், துருப்பிடித்தால் காலே சொல்லிவிடும். 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ தன் பெரிய கார்களில் அந்தக் கேபிளை எடுத்துவிட்டு மின்சார முறையைக் கொண்டுவந்தது. நம் ஊருக்கு அது பரவலாக வந்தது காமன் ரெயில் டீசல் கார்களோடுதான். 2010-இல் பெருநகரங்களில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்று புகை விதிகள் இறுக இறுக, பெரும்பாலான கார்களிலிருந்து கேபிள் போய்விட்டது. இன்று உங்கள் கால் எஞ்சினைத் தொடுவதில்லை. 'இவ்வளவு வேண்டும்' என்று ஒரு விண்ணப்பம் போடுகிறது. அதைப் படித்துப் பார்த்து டீசலின் அளவையோ காற்றின் அளவையோ தீர்மானிப்பது ஈ.சி.எம். என்கிற கணினி.

அந்த விண்ணப்பம் பொய்யாகிவிட்டால் உயிருக்கு ஆபத்து. அதனால் வடிவமைத்தவர்கள் பெடலுக்குள் ஒன்றுக்கு இரண்டாகச் சென்சார் வைத்தார்கள். ஒரே வழக்குக்கு இரண்டு சாட்சிகள். இருவருக்கும் தனித்தனியே ஐந்து வோல்ட் மின்சாரம், தனித்தனியே எர்த், தனித்தனியே பேசும் ஒயர். ஆகப் பெடலின் கப்ளரில், அதாவது ஒயர்களை இணைக்கும் செருகியில், பொதுவாக ஆறு ஒயர்கள். பல டீசல் கார்களில், கால் வைக்காதபோது முதல் சென்சார் முக்கால் வோல்ட் அளவில் சொல்லும், முழுதாக மிதித்தால் நான்கு வோல்ட்டை நெருங்கும். இரண்டாவது எப்போதும் அதில் பாதியைச் சொல்ல வேண்டும். முதல் சென்சார் இரண்டு என்றால் இது ஒன்று என்று சொல்ல வேண்டும். கணக்கு ஒத்துப்போகும்வரை ஈ.சி.எம். காலை நம்பும். ஒத்துப்போகாவிட்டால் அந்த நிமிடமே நம்பிக்கையை விலக்கிக்கொண்டு செக் லைட்டைப் போட்டு எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடும். இரண்டு சாட்சியும் கெட்டால் பெடலையே கணக்கில் எடுக்காது. ஐட்லிங்கைவிடச் சற்றே கூடுதலான சுற்றில் எஞ்சினை ஓடவிட்டு, ஊர்ந்தாவது ஓரமாகப் போய்ச் சேர் என்று விட்டுவிடும். லிம்ப் மோடு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இப்படி வண்டி ஊர்ந்து வந்தால் ஓட்டுநர் அதைக் கோளாறு என்று திட்டுவார். அதைக் காவல் என்று சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தபோது வேகத்தைக் குறைப்பது இயந்திரத்துக்குக் கற்பிக்கப்பட்ட நல்ல குணம். மனிதர்களில் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு டாக்சி ஒருநாள் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. பர்லியாறு தாண்டியதும் ஏற்றத்தில் பிக்கப் போய்விடும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும், உள்ளே இருக்கும் பயணிகள் பயந்து இறங்கிவிடுவார்கள். ஓட்டுநர் கடனில் வாங்கிய வண்டி. வேறிடத்தில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துப் பெடல் என்றார்கள், மாற்றினார். கொஞ்ச நாளில் அதே கோளாறு. புதுப் பெடலே பழுது என்றார்கள், மறுபடியும் மாற்றினார். மூன்றாவது பெடலுக்குப் பணம் இல்லாத நிலையில்தான் எங்களிடம் வந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு.

ஸ்கேனரில் முதல் வரியில் பி2127 நின்றது. இரண்டாவது பெடல் சென்சாரின் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டியல் அதோடு முடியவில்லை. கீழே பி0651 என்று இன்னொன்று இருந்தது. சென்சார்களுக்கு ஈ.சி.எம். அனுப்பும் ஐந்து வோல்ட் வரிசைகளில் ஒன்று சரியில்லை என்று அது சொல்கிறது. சாவியைத் திருப்பிவைத்துப் பெடல் கப்ளரில் மீட்டர் வைத்தோம். ஒரு வரிசையில் சரியாக ஐந்து, மற்றதில் பாதிகூட இல்லை. பெடலைக் கழற்றி வைத்தபிறகும் அதே அளவு. அப்படியானால் பெடல் குற்றவாளி இல்லை. பல வண்டிகளில் ஐந்து வோல்ட் வரிசையை வேறு சென்சார்களும் பங்குபோட்டுக்கொள்ளும். வரைபடத்தைப் பார்த்து, அந்த வரிசையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏ.சி. குழாயில் இருக்கும் பிரஷர் சென்சாரின் கப்ளரை இழுத்ததும் மீட்டர் ஐந்துக்கு ஏறியது. அந்தச் சின்னச் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, சூடேறும்போதெல்லாம் முழு வரிசையையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. எங்கோ முன்பக்கத்தில் இருந்த ஒன்றின் பிழைக்கு, காலடியில் இருந்த பெடல் இரண்டு முறை தண்டனை அனுபவித்திருக்கிறது. பெடலோடு சேர்ந்து அந்த ஓட்டுநரும்.

ஸ்கேனர் காட்டும் எண் ஒரு புகார், தீர்ப்பு இல்லை. யாருடைய பேச்சு தவறாகக் கேட்கிறது என்று அது சொல்லும். ஏன் தவறாகக் கேட்கிறது என்று விசாரிப்பது நம் கடமை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். பட்டியலின் கடைசி வரிவரை படிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடம் செலவழிக்கப்படாததால் ஒரு குடும்பத்தின் தவணைப் பணம் போனது. உங்கள் அவசரத்தின் விலையைப் பெரும்பாலும் வேறொருவர்தான் கட்டுகிறார். இதை மறவாதீர்கள்.

பெடலைப்போலவே நடித்து ஏமாற்றும் இன்னொன்றும் உண்டு. பிரேக் சுவிட்ச். பல டீசல் கார்களில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மிதிபட்டதாகத் தெரிந்தால் ஈ.சி.எம். பிரேக்கின் சொல்லையே ஏற்கும். சுவிட்ச் கெட்டு எப்போதும் பிரேக் மிதித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தால், நல்ல பெடலும் வேலை செய்யாதது போலத் தெரியும். பின்னால் நின்று பிரேக் லைட்டைப் பார்ப்பது முதல் ஐந்து நிமிட வேலையில் சேரட்டும். எலி கடித்த ஒயர், மழைநீர் இறங்கிப் பச்சை பிடித்த கப்ளர் பின் இவற்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். கார்ப்பெட்டின் அடியில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் எந்தப் பெடலையும் குறை சொல்ல நான் விட்டதில்லை.

உலகமே ஒரு பெடலை விசாரித்த கதையையும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான்டியாகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி நால்வர் இறந்தார்கள். அந்த வண்டிக்குப் பொருந்தாத ஒரு தரை மேட் பெடலைச் சிக்கவைத்தது என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், மிதித்தபின் மேலே திரும்பத் தயங்கும் பெடல்களுக்காக டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. மக்கள் மனதிலோ மின்சார முறை முழுவதன் மீதும் சந்தேகம் விழுந்துவிட்டது. அமெரிக்க அரசு, விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்களை அழைத்தது. பத்து மாதம் ஆய்ந்தார்கள். 2,80,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் வரிகளைப் படித்தார்கள், மின்காந்த அலைகளைப் பாய்ச்சிச் சோதித்தார்கள், பெடல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கை, கார்களை ஆபத்தான அளவில் தானாக வேகமெடுக்கச் செய்யும் மின்னணுக் கோளாறு எதுவும் அகப்படவில்லை என்றது.

அதே ஆய்வில் கிடைத்த ஒரு சின்ன உண்மைதான் என்னை அதிகம் கவர்ந்தது. டொயோட்டா கேம்ரி கார் ஒன்றின் கெட்டுப்போன பெடல் சென்சாரைப் பிரித்தபோது, வெள்ளீய முலாம் பூசிய பரப்பிலிருந்து தானாக வளர்ந்த ஒரு மெல்லிய உலோக இழை, இரண்டு சென்சார்களின் வழிகளையும் தொட்டு இணைத்திருந்தது. தனித்தனியே பேச வேண்டிய இரு சாட்சிகளுக்கும் நடுவே, யாரும் நினைத்துப் பாராத ஒரு ரகசியத் தொடர்பு. கண்ணுக்கு எளிதில் படாத அந்த இழையையும் தேடிக் கண்டு, அது எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்று அளந்தே எழுதினார்கள். விவகாரம் அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. 2013-இல் ஒக்லஹோமாவில் ஒரு வழக்கில், மென்பொருளைக் குறை சொன்ன நிபுணரின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரி, டொயோட்டாவுக்கு எதிராக முடிவு சொன்னது. அறிவில் சிறந்தவர்களே ஒரு பெடலுக்கு இத்தனை மாதம் செலவிட்டிருக்கிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டால் கூச்சப்பட வேண்டாம். வாடிக்கையாளரிடம் நிமிர்ந்து சொல்லுங்கள்: 'இன்னும் உறுதியாகவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.' இந்த வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் உள்ளவரைத்தான் நான் மெக்கானிக் என்பேன்.

இனி உண்மையிலேயே பெடல் கெட்ட ஒரு வண்டி.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். செக் லைட் எரியும், பெடலை மிதித்தால் வண்டி போகாது. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் அங்கே ஒழுங்காக ஓடும். 'உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை' என்று ஓரிடத்தில் சொல்லியனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. வந்துபோகும் கோளாறுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமானது. கூப்பிட்டால் வராது, காத்திருந்தால்தான் வரும்.

அப்போது எங்களிடம் ஒரு பெண் பயிற்சியில் இருந்தாள். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டாண்டுப் படிப்பை முடித்துவிட்டு வந்தவள். பி2138 என்ற எண் பதிவாகியிருந்தது. இரண்டு சென்சாரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஆனால் அந்த நேரத்தில் இரண்டும் ஒழுங்காகவே பேசின. மற்றவர்கள் பெடலை மாற்றி அனுப்பிவிடலாம் என்றார்கள். அவள் ஆசிரியரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: 'ஐயா, எந்த நேரத்தில் வருகிறது?' அவர் யோசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை எடுக்கும்போதுதான் பெரும்பாலும் என்றார். எத்தனையோ பேர் வண்டியை விசாரித்தார்கள். வண்டியோடு வாழ்பவரை விசாரித்தவள் அவள்தான்.

வண்டியைக் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தச் சொன்னாள். உச்சிவேளை கழிந்ததும், தீயாய்க் கொதித்த அந்த வண்டிக்குள் காலடியில் குனிந்து உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடவில்லை, சாவி மட்டும் போட்டிருந்தது. ஸ்கேனரில் இரண்டு சென்சாரையும் கோடுகளாக ஓடவிட்டு, பெடலைக் கையாலேயே துளித் துளியாக அழுத்தினாள். டிஜிட்டல் மீட்டர் நொடியின் சராசரியைத்தான் காட்டும், கண நேரச் சரிவை விழுங்கிவிடும். அதனால் என்னுடைய பழைய முள் மீட்டரையும் கேட்டு வாங்கி முதல் சென்சாரின் ஒயரில் மாட்டியிருந்தாள். வியர்வை வழிந்தது, பலமுறை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பெடல் கால் பங்கு இறங்கிய இடத்தில் முள் ஒருமுறை துடித்துக் கீழே விழுந்து எழுந்தது. இரண்டாவது சென்சாரின் கோடு அசையவில்லை. மறுபடி அழுத்தினாள், அதே இடம். மறுபடி, அதே இடம்.

அவள் அப்போதும் ஸ்பேனரை எடுக்கவில்லை. பெடலை அந்த இடத்துக்குச் சற்று மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு ஒயரையும் கப்ளரையும் ஆட்டிப் பார்த்தாள். முள் நின்ற இடத்தில் நின்றது. ஒயரைத் தொடாமல் பெடலை மட்டும் அசைத்தாள். முள் விழுந்தது. பெடலை நிறுத்தி ஒயரை ஆட்டு, ஒயரை நிறுத்திப் பெடலை ஆட்டு. இரண்டையும் சேர்த்து ஆட்டினால் எதுவும் தெரியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பொறுமையாக இருந்த மூளைக்குத் தானே தோன்றிய வழி.

அந்தக் காரின் பெடலில் இருந்தது கார்பன் தடத்தின் மேல் ஒரு முனை உரசி நகரும் பழைய வகைச் சென்சார். ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டுபவரின் கால் பெடலின் முதல் கால் பகுதியைத் தாண்டுவது அபூர்வம். ஆண்டுக்கணக்கில் அதே சிறு இடத்தில் உரசி உரசித் தடம் தேய்ந்துவிட்டது. வெப்பத்தில் விரியும்போது தொடர்பு அறுந்தது. உரசல் இல்லாமல் காந்தப்புலத்தால் அளக்கும் ஹால் வகைச் சென்சார்கள் இப்போது அதிகம் வருகின்றன, அவற்றில் இந்தத் தேய்மானம் கிடையாது. ஆசிரியரிடம் அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டி விளக்கினாள். பெடல் கெட்டதைவிட, தான் சொன்னது பொய்யில்லை என்று நிரூபணமானதில்தான் அவருக்கு நிறைவு. அவர் அவளைப் பார்த்துக் கைகூப்பியதை நான் பார்த்தேன். இந்தத் தொழிலில் கூலிக்கு மேலாக ஏதாவது கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

வெயிலில் உட்கார்ந்த அந்த நேரம் வீண் என்று அன்று சொன்னவர்களும் உண்டு. பெடலை மாற்றினாலும் சரியாகியிருக்குமே என்றார்கள். சரியாகியிருக்கும். ஆனால் ஏன் சரியானது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வண்டி வரும்போது அதே இருட்டில்தான் நின்றிருப்போம். தெரிந்து செய்த வேலை ஒரு வண்டியோடு நிற்பதில்லை, செய்தவரிடம் தங்கிவிடுகிறது. தாங்கிக்கொண்டு காத்திருப்பதை இன்று பலர் பலவீனம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், வந்துபோகும் துன்பங்களை வென்றவர்கள் எல்லோரும் அவை வரும் நேரத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்களே.

மாற்றுவது சுலபம் என்பதால்தான் பலர் அங்கே முதலில் ஓடுகிறார்கள். சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.எம். முழுதாக உறங்கச் சில நிமிடம் விடுங்கள். கப்ளரின் பூட்டை நகத்தாலோ சிறு ஸ்குரூடிரைவராலோ நோகாமல் விடுவிக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பெடலைச் சுவரோடு பிடித்திருப்பவை இரண்டு மூன்று போல்ட்டோ நட்டோதான், பெரும்பாலும் பத்தாம் நம்பர். பெரும்பாலான கார்களில் சென்சார் தனியாகக் கிடைக்காது, பெடலோடு சேர்த்தே மாற்ற வேண்டும். மூடி ஒட்டிய பெட்டியைப் பிரித்துத் தடத்தைத் துடைத்து மறுபடி மாட்டும் வித்தை சிலருக்குத் தெரியும். பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டியரிங் ஆகிய மூன்றிலும் அந்த வித்தையைக் காட்டாதீர்கள். புதுப் பெடலின் பார்ட் நம்பரைப் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும் மின்னழுத்தக் கணக்கு வேறாக இருக்கும். சில வண்டிகளில் ஒரு சென்சார் ஏற ஏற மற்றது இறங்கும்.

மாட்டியபின் கப்ளர் 'டிக்' என்று பூட்டியதைக் காதால் கேட்க வேண்டும். பழைய குறியீடுகளை அழித்துவிட்டுச் சாவி மட்டும் போட்டு, பெடலை விட்டபோது ஸ்கேனரில் பூஜ்யம் வருகிறதா, முழுதாக மிதித்தபோது நூறை நெருங்குகிறதா, நடுவில் எங்காவது கோடு உடைகிறதா என்று பாருங்கள். சில கார்களில் பெடலை முழுதாக அழுத்தி விட்டுப் புது நிலையைக் கற்பிக்க வேண்டியிருக்கும். அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் முறைப்படியே செய்யுங்கள், பக்கத்து வண்டிக்குச் செய்ததை இதற்கும் செய்யாதீர்கள். ட்ரையல் போகும்போது சமதளத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாமல், ஏற்றத்தில் கொண்டுபோங்கள். கோளாறு வெயிலில் வந்திருந்தால் வெயிலிலும் ஓட்டுங்கள். வந்து மறுபடி ஸ்கேனரைப் போட்டுப் பட்டியல் காலியாக இருப்பதைக் காட்டுங்கள்.

பழைய பெடலை அட்டைப் பெட்டியில் வைத்து வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அது அவருடைய பொருள். கோளாறு மறுபடி வந்தால் சாவியை அணைத்துப் போட்டு ஓட்டிக்கொண்டே இருக்காமல், ஹசார்ட் விளக்கைப் போட்டு இடதுபுறம் ஒதுங்கிப் போன் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக, டிரைவர் பக்கத்து மேட்டை அதன் கொக்கியில் மாட்டி, மேலே இன்னொரு மேட் கிடந்தால் எடுத்துவிட்டு, பெடலைக் கையால் தரைவரை அழுத்தி விடுங்கள். அது தங்குதடையின்றி மேலே வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.